எண்பத்தேழில் ஒரு பங்கு ஓடைப்பட்டி

பழைய படங்களில் அணை உடையும் காட்சியை எல்லோரும் பார்த்திருப்போம். வெள்ளம் சீறி வரும், பாலம் சரியும், ரயில் ஆற்றில் கவிழும். பாலத்தின் ஒவ்வொரு ஆணியையும் கலை இயக்குநர் கவனமாக வைத்திருப்பார். வீட்டுக் கூரைக்கு ஓடு, ஜன்னலுக்குக் கம்பி, வாசலில் மாட்டுவண்டி என்று எதற்கும் குறை இருக்காது. ஆனாலும் ஐந்து வயதுக் குழந்தைகூட "இது பொம்மை" என்று சட்டென்று சொல்லிவிடும். இயற்பியல் படிக்காத அந்தக் கண் எதைப் பார்த்துக் கண்டுபிடித்தது?

இந்தக் கேள்வியோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டுபவர்கள் மாதிரி ரயில் கட்டுபவர்கள். நிஜப் பாதை ஒன்றை அதன் நிலையம், கொட்டகை, மரம், மலை அனைத்தோடும் சுருக்கி ஒரு மேடைமேல் எழுப்புவது இவர்கள் வேலை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001இல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்டைக் காண உலகெங்கிலுமிருந்து கூட்டம் வருகிறது. நம் நாட்டில் புனே நகரின் கோத்ரூட் பகுதியில் பாவுசாகேப் ஜோஷி தொடங்கிய மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் இருக்கிறது. இரண்டிலும் பயன்படும் அளவு ஒன்றுதான்: 1:87. நிஜத்தில் 87 அடி, மாதிரியில் ஓரடி. உலகில் அதிகம் பேர் கட்டுவது இந்த அளவில்தான்.

கட்டிப் பார்க்க நான் எடுத்துக்கொள்ளும் இடம் கம்பம் பள்ளத்தாக்கு. ஓடைப்பட்டியின் திராட்சைப் பந்தல், பின்னால் மேகமலைத் தொடர், நடுவே ஒரு மீட்டர்கேஜ் பாதை. உண்மையில் ஓடைப்பட்டிக்கு ரயில் கிடையாது. பள்ளத்தாக்குக்கு வந்த ரயில் மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூரோடு நின்றுவிட்டது. 1928இல் திறந்த பாதை அது. இரண்டாம் உலகப்போரின்போது தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். 1950களில் மறுபடி போட்டார்கள். 2010 கடைசியில் அகலப்பாதையாக மாற்றுவதற்காக மூடினார்கள். 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூன் மாதம் போடிக்கும் ரயில் திரும்பி வந்தது. மேடைமேல் கட்டுபவருக்கு ஓர் உரிமை உண்டு: போடி வரை வந்த பாதையை மனத்தால் இன்னும் கொஞ்சம் நீட்டி ஓடைப்பட்டித் தோட்டங்களுக்கு நடுவே விடலாம்.

மீட்டர்கேஜைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. கடையில் கிடைக்கும் 1:87 தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அது 1435 மில்லிமீட்டர் அகலமுள்ள ஐரோப்பியப் பாதைக்கு அளவெடுத்தது. நம் அகலப்பாதையோ 1676 மில்லிமீட்டர், சுருக்கினால் 19.3 வரவேண்டும். இந்திய அகலப்பாதை ரயிலைக் கட்டுபவர்களுக்கு இது தீராத சங்கடம். மீட்டர்கேஜுக்கு 11.5 வேண்டும், 12 மில்லிமீட்டர் தண்டவாளம் தயாராகக் கிடைக்கிறது. அரை மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

இனி வகுத்துக்கொண்டே போகலாம். ஆள் 19 மில்லிமீட்டர். மீட்டர்கேஜ் பெட்டி 22 சென்டிமீட்டர். பந்தல் கல்தூண் இரண்டு மீட்டர் என்றால் 23 மில்லிமீட்டர். மதுரையிலிருந்து போடி வரை 90 கிலோமீட்டர் சொச்சம்; அது மேடையில் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மேகமலை பள்ளத்தாக்குக்கு மேல் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் நிமிர்ந்து நிற்கிறது. மேடையில் அது மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம். அதனால்தான் யாரும் மலையை அளவுப்படி கட்டுவதில்லை. அடிவாரத்தை மட்டும் கட்டி, மேலே உள்ளதைப் பின்சுவரில் வரைகிறார்கள். தூரத்தையும் இப்படித்தான் வெட்டிச் சுருக்குகிறார்கள்.

வகுப்பதில் கவனம் தப்புவது பெரிய பொருள்களில் அல்ல, பொடிகளில்தான். தண்டவாளத்துக்கு அடியில் கொட்டும் ஜல்லி 20 முதல் 65 மில்லிமீட்டர் வரை இருக்கும். 87ஆல் வகுத்தால் கால் மில்லிமீட்டரிலிருந்து முக்கால் மில்லிமீட்டர். சாதாரண ஆற்றுமணலை அப்படியே கொட்டினால் மேடையில் அது ஜல்லியாகத் தெரியாது, தேங்காய் பருமனுக்குக் குண்டுக்கல் கிடப்பதுபோல் தெரியும். சலிக்க வேண்டும். கம்பி இன்னும் கஷ்டம். பந்தல்மேல் ஓடும் கம்பி மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிப்பு. மேடையில் அது 0.04 மில்லிமீட்டர். நம் தலைமுடி ஒன்றே சராசரியாக அதைவிடத் தடிமன். தூரிகையால் தாராளமாக இரண்டு பூச்சு கொடுத்து 0.1 மில்லிமீட்டர் பெயின்ட் ஏறிவிட்டால், சுவர்மேல் ஒன்பது மில்லிமீட்டர் கனத்துக்குச் சாந்து பூசியதற்குச் சமம். செங்கல் இணைப்பெல்லாம் மூடிப்போய்விடும்.

இதுவரை எல்லாம் வகுத்தல்தான். எல்லாவற்றையும் 87ஆல் வகுத்துவிட்டால் உண்மையான ஓடைப்பட்டி கிடைத்துவிடும் என்று தோன்றும். ஆனால் அணை உடைந்த காட்சி பொய்யாகத் தெரிந்தது எங்கே என்றால், வகுக்க முடியாத சில விஷயங்களில்.

முதலாவது, விழுவதற்கு ஆகும் நேரம். 20 மீட்டர் உயரத்திலிருந்து நீர் விழ இரண்டு விநாடி ஆகும். அந்த அருவியை 1:87 அளவில் செய்தால் உயரம் 23 சென்டிமீட்டர். அதிலிருந்து விழ எவ்வளவு ஆகும்? இரண்டு விநாடியை 87ஆல் வகுத்த விடை வராது. ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். உயரம் 87 மடங்கு குறைந்தாலும் நேரம் ஒன்பது மடங்கு சொச்சம்தான் குறைகிறது. 87இன் வர்க்கமூலம் அது. புவியீர்ப்பை நாம் சுருக்கவில்லை அல்லவா? அதனால் அருவி, அலை, கவிழும் பெட்டி போன்ற ஈர்ப்பு நடத்தும் காட்சிகளுக்கெல்லாம் நேரம் தன் சொந்தக் கணக்கில் ஓடுகிறது. பொம்மைப் பாலம் 'டப்' என்று விழுவதைக் கண்டதும் கண் அதன் உயரத்தைக் கணக்குப் போட்டுவிடுகிறது. நாம் பிறந்தது முதல் பொருள்கள் விழுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். 23 சென்டிமீட்டர் விழுவது எப்படி இருக்கும் என்று உடம்புக்கே தெரியும்.

திரைப்படக்காரர்கள் இதற்கு வழி கண்டார்கள். விநாடிக்கு 24 படம் எடுக்கும் இடத்தில் ஒன்பது மடங்கு வேகமாக எடுத்து, 24இல் ஓட்டினால் விழுதல் மெதுவாகிச் சரியாகிவிடும். இந்த வர்க்கமூலக் கணக்கு உண்மை என்பதற்குச் சான்று கப்பல்களில் கிடைத்தது. இங்கிலாந்தின் டார்க்கீயில் வில்லியம் ஃபிரவுட் 1870களில் நீளமான தொட்டி கட்டி, மெழுகால் செய்த கப்பல் மாதிரிகளை இழுத்துப் பார்த்தார். மாதிரியின் வேகத்தை நீள விகிதத்தின் வர்க்கமூலப்படி குறைத்தால், அது எழுப்பும் அலை நிஜக் கப்பல் எழுப்பும் அலையைப் போலவே அமைந்தது. இன்றும் திருவள்ளூர் மாவட்டம் பூண்டியில் உள்ள நீரியல் ஆய்வு நிலையத்தில் அணை, மதகு மாதிரிகளைக் கட்டி நீர் விட்டுப் பார்ப்பது இந்த விதியை நம்பித்தான்.

ஓடும் ரயிலுக்கு மட்டும் இந்த வர்க்கமூலம் வேண்டாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி மேடையில் விநாடிக்கு 19 சென்டிமீட்டர் போனால் போதும். எதுவும் விழாதவரை நேர்வகுத்தலே கண்ணுக்குச் சரியாகப் படுகிறது. தடம்புரண்டால்தான் குட்டு உடையும்.

இரண்டாவது, நீர். நேரத்தைச் சரிசெய்தாலும் நீரை ஏமாற்ற முடியாது. நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போல் நடந்துகொள்கிறது. பரப்பு இழுவிசை என்று பள்ளியில் படித்தோம். குழாயில் சொட்டும் துளி எவ்வளவு பெரிதாகலாம் என்பதை அந்த இழுவிசையும் எடையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன: ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர். அது அருவிக்கும் அதே அளவு, மேடைக்கும் அதே அளவு. மேடையில் ஐந்து மில்லிமீட்டர் துளி நிஜத்தில் 43 சென்டிமீட்டருக்குச் சமம். பொம்மை மனிதனின் தலையைப்போல் இரண்டு மடங்கு. குழந்தை கண்டுபிடித்தது இதைத்தான். வீட்டளவு பெரிய அலை உடைந்து புகையாகச் சிதறாமல் உருண்டை உருண்டையாகத் தெறித்தது. ஆகவே மாதிரி ரயில் கட்டுபவர்கள் பெரும்பாலும் உண்மையான தண்ணீரை மேடையில் வைப்பதில்லை. முல்லைப் பெரியாற்று வாய்க்காலுக்குத் தெளிவான ரெசின் ஊற்றி, அடியில் கரும்பச்சை வண்ணம் பூசிவிடுகிறார்கள்.

அந்த இழுவிசையை எதிரியாகச் சந்திக்கும் இன்னொரு வேலை, ஜல்லியை ஒட்டுவது. இதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். சலித்த பொடியைத் தண்டவாளங்களுக்கு இடையே தூவி, மெல்லிய தூரிகையால் ஒதுக்கி, ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்துச் சொட்டு மருந்துக் குழாயால் விடுகிறோம். துளி ஜல்லிமேல் விழுகிறது, இறங்குவதில்லை. முத்துப்போல் உருண்டு நிற்கிறது. உருளும்போது பொடியைத் தன்மேல் போர்த்திக்கொண்டு போகிறது. போன இடத்தில் ஒரு குழி. அரை மணி நேரம் ஒதுக்கி வைத்த பாதை அம்மை விழுந்ததுபோல் ஆகிவிடும். இப்போது அந்தக் கரைசலில் பாத்திரம் துலக்கும் சோப்புநீர் ஒரு சொட்டு கலக்கிறோம். சோப்பு மூலக்கூறு நீரின் மேற்பரப்பில் அடுக்கி நின்று இழுவிசையைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடும். அதே துளி தொட்ட மாத்திரத்தில் சத்தமில்லாமல் உள்ளே போய்விடுகிறது. பக்கத்துப் பொடியையும் நனைத்துக்கொண்டு ஊர்கிறது. ஒரு கல்லும் அசைவதில்லை.

மூன்றாவதாக வகுக்க முடியாதது, வலிமை. 1638இல் வெளியான நூலில் கலிலியோ இதை விளக்கினார். ஒரு பொருளை 87 மடங்கு சுருக்கினால் அதன் குறுக்குப் பரப்பு 87ஐ 87ஆல் பெருக்கிய அளவுக்கு, அதாவது 7569 மடங்கு குறையும். தாங்கும் வலிமை அந்தப் பரப்பைப் பொறுத்தது. எடையோ கன அளவைப் பொறுத்தது. அது 6 லட்சத்து 58 ஆயிரம் மடங்கு குறைந்துவிடும். மீட்டர்கேஜில் ஓடிய ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சினின் எடை 72 டன். மேடையில் அது 110 கிராம். சுமை இவ்வளவு குறைந்து வலிமை அவ்வளவு குறையாததால், சிறியது எப்போதும் தன் எடைக்கு 87 மடங்கு உறுதியாக நிற்கிறது.

கேட்க நல்ல செய்தியாக இருக்கிறது. ஆனால் அழகு கெடுவது இதனால்தான். ஊரில் எதுவும் நேராக இல்லை. பழைய ஓட்டுவீட்டின் முகடு நடுவில் கொஞ்சம் அமுங்கியிருக்கும். காய்ப்பு நேரத்தில் பந்தல் கம்பி இரண்டு தூணுக்கு நடுவே கொத்துகளின் பாரத்தில் தொய்ந்திருக்கும். மின்கம்பி தொங்கும். தகரக் கொட்டகையின் ஓரம் வளைந்திருக்கும். அட்டையில் வெட்டிய முகடோ அம்புபோல் நேராக நிற்கும், நூலில் கட்டிய கம்பி விறைத்துக்கொண்டு நிற்கும். ஈர்ப்பு செய்யாத வேலையைக் கை செய்தாக வேண்டும். முகட்டுக் கட்டையை நடுவில் முக்கால் மில்லிமீட்டர் சீவுவார்கள். நிஜத்தில் அது ஆறரை சென்டிமீட்டர் தொய்வு. பந்தல் இழையை ஒரு வளைந்த அச்சின்மேல் வைத்துப் பசை காயவிட்டு எடுப்பார்கள். கட்டடத்துக்கு வயதைத் தருவதில் வண்ணத்தைவிட இந்தத் தொய்வுக்குப் பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

வகுக்க முடிந்தவை, வகுக்க முடியாதவை என்று இரண்டு வகை பார்த்தாயிற்று. இனி மூன்றாவது வகை, எல்லா அளவிலும் ஒரே மாதிரி இருப்பவை. இவை இயற்கை நமக்கு இலவசமாகத் தரும் பொருள்கள்.

நெல்லைக் களத்தில் குவித்தால் ஒரு சாய்வோடு நிற்கும். அதற்குமேல் செங்குத்தாக்கினால் சரிந்துவிடும். உலர்ந்த மணலுக்கு அந்தச் சாய்வு 30 பாகைக்குச் சற்று மேலே. லாரி மணலானாலும் கைப்பிடி மணலானாலும் சாய்வு மாறாது. அதனால் மேடையில் சலித்த செம்மண்ணைக் கொட்டினால், மலையடிவாரச் சரிவு தானாக உருவாகிவிடும். ரொம்பப் பொடியாகச் சலித்துவிடக் கூடாது. மாவுபோல ஆனால் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு சுவர்போல் நிற்கத் தொடங்கும், சாய்வு பொய்யாகும்.

பாறையும் அப்படித்தான். நிலவியலாளர்கள் பாறையைப் படமெடுக்கும்போது பக்கத்தில் ஒரு சுத்தியலையோ நாணயத்தையோ வைப்பது வழக்கம். இல்லாவிட்டால் அது அரையடிக் கல்லா, ஆயிரம் அடி மலைமுகமா என்று அவர்களுக்கே தெரியாது. விரிசலுக்குள் விரிசல், அதற்குள்ளும் விரிசல் என்று பகுதி முழுமையைப் போலவே இருக்கும் இந்தக் குணத்தைத் தன்னொப்புமை என்று சொல்லலாம். பிரிட்டனின் கடற்கரை எவ்வளவு நீளம் என்ற கேள்வியோடு 1967இல் பெனுவா மாண்டல்பிரோ இதற்கு ஒரு கணிதத்தை எழுதத் தொடங்கினார். மேற்குத்தொடர்ச்சி மலையில் சார்னோகைட்டும் நைஸ் பாறையும் பரவலாக உண்டு. சார்னோகைட் புதிதாக உடைத்தால் கருநீலச் சாம்பல், வெயில்மழை பட்டால் பழுப்புத் தோல் கட்டும். வரப்பில் கிடக்கும் ஒரு துண்டைக் கொண்டுவந்து நிறுத்தினால் மலைமுகம் தயார் என்று நினைப்போம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. விரிசல் தன்னொப்பானது, பாறையின் படிகம் அப்படியல்ல. மூன்று மில்லிமீட்டர் பளபளப்புப் படிகம் மேடையில் கால் மீட்டர் கண்ணாடிப் பலகையாக மின்னும். நுண்மணிக் கல்லாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது கசக்கிய அலுமினியத் தாளில் பிளாஸ்டர் ஊற்றி மடிப்புகளையே விரிசலாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

மரத்துக்கு ஓடைப்பட்டியே மூலப்பொருள் தருகிறது. விதையில்லா திராட்சைக்குப் பேர்போன ஊர் இது. பழத்தை உதிர்த்த பிறகு மிஞ்சும் கொத்துக் காம்பை நிழலில் காயவைத்து நிமிர்த்திப் பாருங்கள். தடித்த நடுத்தண்டு, அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து சிறுகிளை, நுனியில் பழம் தொங்கிய காம்பு. ஒவ்வொரு பிரிவிலும் தடிமன் படிப்படியாகக் குறையும். மரம் கிளைவிடும் ஒழுங்கும் இதுதான். தாய்க்கிளையின் குறுக்குப் பரப்பு, பிரிந்த கிளைகளின் பரப்புகளின் கூட்டுத்தொகைக்கு ஏறத்தாழச் சமம் என்று லியனார்டோ டா வின்சி குறித்து வைத்தார். 12 சென்டிமீட்டர் காம்பு மேடையில் பத்து மீட்டர் மரம். நல்ல வளர்ந்த வேம்பு. கம்பியை முறுக்கிச் செய்யும் மரம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. இலைக்குப் பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூள். வேப்பிலையின் ஓர் இதழ் ஐந்து சென்டிமீட்டர் என்றால் அரை மில்லிமீட்டர் தூள் போதும். தென்னைக்குக் கிளையில்லாததால் காம்பு உதவாது; நான்கு மீட்டர் மட்டைக்கு நாலரை சென்டிமீட்டர் கோழியிறகைக் கத்தரித்து வளைத்தால் கீற்றும் நரம்புமாக அப்படியே அமைந்துவிடும்.

வண்ணத்துக்கு வருவோம். கட்டுபவர்களிடையே பழைய விதி ஒன்று உண்டு: நிஜப் பெயின்டை அப்படியே பூசாதே, கொஞ்சம் வெள்ளையோ சாம்பலோ கலந்து வெளிறச் செய். காரணம் கேட்டால் காற்று என்பார்கள். மேடையை ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பது நிஜத்தில் 87 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அந்த 87 மீட்டர் காற்று மேடையில் இல்லை. அதைத் தூரிகையால் கொடுக்க வேண்டும் என்பது வாதம். சரிதானா என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதிலிருந்து காற்றின் மங்கலைக் கணக்கிடும் முறையை 1924இல் ஹரால்ட் கோஷ்மீடர் தந்தார். பத்து கிலோமீட்டர் வரை தெரியும் சாதாரணப் புழுதி நாளில்கூட 87 மீட்டர் காற்று நிறத்தில் மூன்று நான்கு சதவீதத்தைத்தான் கழுவும். கட்டுபவர்கள் கலக்கும் வெள்ளையோ அதைவிடப் பல மடங்கு.

மீதிக்குக் காரணம் வெளிச்சம் என்றே எனக்குப் படுகிறது. நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ். டியூப்லைட் போட்ட அறை சில நூறு லக்ஸ். வெளிச்சம் குறையும்போது அதே நிறம் நம் கண்ணுக்கு மங்கிக் கருக்கிறது; நிறத்தின் துடிப்பு வெளிச்சத்தைப் பொறுத்தது என்று ஆர்.டபிள்யூ.ஜி. ஹன்ட் 1952இல் சோதனைகளால் காட்டினார். அறைக்குள் கறுப்பு பூசிய எஞ்சின் வெறும் ஓட்டையாகத் தெரிவது அதனால்தான். வெள்ளை கலப்பது காணாமல்போன வெயிலைத் திருப்பிக் கொடுப்பது. காற்று என்ற விளக்கம் முழுக்கப் பொருந்துவது பின்சுவர் மலைக்கு. 40 கிலோமீட்டர் தெரியும் தெளிந்த நாளிலும், பத்து கிலோமீட்டர் தள்ளியுள்ள மலைக்கும் வானத்துக்கும் இடையிலான நிற வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் மிஞ்சும். இடையிலுள்ள காற்று நீல ஒளியை அதிகம் சிதறடித்து நம் பக்கம் அனுப்புவதால் மலை நீலமாகிறது. ஆகவே அடுக்கடுக்கான மலைக்கு ஒவ்வோர் அடுக்குக்கும் வான்நிறத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். மரத்தின் பச்சை முதல் அடுக்கோடு சரி.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி, புதுப் பொம்மைக்கு வெயிலையும் மழையையும் துருவையும் ஏற்றுவது. பழமையேற்றல் என்று வைத்துக்கொள்வோம். இதில் பலர் செய்வது, பழுப்பைக் கரைத்து எல்லா இடத்திலும் பூசிவிடுவது. அழுக்காகத்தான் தெரியும், பழசாகத் தெரியாது. ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. காரணம் தெரிந்தால் கறை எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பதும் தெரியும்.

ஐரோப்பியக் கையேடுகள் தெற்குச் சுவரை வெளிறச் செய், வடக்குச் சுவரில் பாசி வை என்கும். அங்கே சூரியன் என்றும் தெற்கே. ஓடைப்பட்டி 10 பாகை அட்சரேகைக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே, மற்ற மாதங்களில் தெற்கே. வடக்குச் சுவருக்கும் பங்கு கிடைக்கிறது. எது எப்படியானாலும் உச்சிவெயில் கூரைமேல்தான் நேராக இறங்குகிறது. எனவே நம்மூர் மாதிரியில் கூரை நன்றாக வெளிற வேண்டும், சுவர்களுக்குள் வேறுபாடு மெலிதாக இருக்க வேண்டும். திசையைக் காட்டுவது காற்றும் மழையும். ஆடிக்காற்று மேற்கிலிருந்து மலையிடுக்கு வழியாகப் பாய்ந்து வரும். மழையை மலைக்கு அந்தப்பக்கமே விட்டுவிட்டுப் புழுதியை மட்டும் வாரிப் பூசும். ஐப்பசி மழை வடகிழக்குப் பருவத்தோடு வரும். சாரல் சுவரில் கோடிறக்கும். மேற்குப் பக்கம் உலர்ந்த செம்பொடி, வடகிழக்கில் வழிந்த கோடு. வெள்ளையடித்த சுவரின் அடியில் மழைத்துளி தெறித்துப் பூசிய செம்மண் பட்டை ஒன்றரை அடி உயரம் இருக்கும். மேடையில் ஐந்து மில்லிமீட்டர். அதன் மேல்விளிம்பு நேர்கோடாக இருக்காது, மேலே போகப்போகப் புள்ளிகளாகக் கலைந்துவிடும். பழைய பல்துலக்கும் தூரிகையை நீர்த்த செம்மண்ணில் தோய்த்து விரலால் சுண்டினால் மழை செய்த வேலையை அப்படியே செய்யலாம்.

தகரக் கூரையில் துரு எல்லா இடத்திலும் வராது. துத்தநாகம் பூசிய தகடு அது. துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். அது தீரும் இடத்தில்தான் துரு தொடங்கும்: வெட்டிய ஓரம், ஆணி அடித்த ஓட்டை, இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஈரம் தங்கும் இடம். அங்கிருந்து நீர் ஓடிய வழியில் கீழ்நோக்கி இறங்கும். புதுத் துரு ஆரஞ்சு, பழந்துரு காப்பித்தூள் நிறம். நடுவில் கருத்து, விளிம்பில் ஆரஞ்சாக வைத்தால் கறைக்கு வயது வந்துவிடும். பெயின்ட் உரிந்ததுபோல் காட்ட உப்பு உதவும். துருநிறம் பூசி, ஈரம் தொட்டு உப்பைத் தூவி, காய்ந்ததும் மேலே பச்சையோ நீலமோ அடித்து, உப்பைத் தேய்த்து எடுத்தால் அந்த இடங்களில் துரு எட்டிப்பார்க்கும். தூளுப்புதான் வேண்டும். கல்லுப்பு மூன்று மில்லிமீட்டர் என்றால் உரிந்த இடம் கால் மீட்டர் அகலமாகிவிடும்.

தண்டவாளத்தோரம் ஜல்லி ஏன் பழுப்பு? தண்டவாளம் துருவேறி உதிர்வது ஒரு காரணம். பெரிய காரணம் பிரேக். வார்ப்பிரும்பு பிரேக் கட்டை சக்கரத்தை அழுத்தும்போது இரும்புத்தூள் பறந்து ஜல்லிமேல் படிந்து துருவாகும். ஆகவே வண்டி வேகம் குறைக்கும் இடத்தில் பழுப்பு அதிகம். நிலையத்தை நெருங்க நெருங்கக் கருத்துப்போக வேண்டும், வெளியே போகப்போகச் சாம்பல் திரும்ப வேண்டும். எஞ்சின் நிற்கும் இடத்தில் நடுவே எண்ணெய்க் கறை. தண்டவாளத்தின் மேல்முகம் மட்டும் சக்கரம் தேய்த்துப் பளபளக்கும். வண்டி வராத பக்கப்பாதையில் அதுவும் துருவேறும்.

நீர்த்த வண்ணத்தைக் கழுவலாக விடும்போது ஓரத்தில் கரைபோல் கோடு விழுவதைத் தொடங்குபவர்கள் பிழை என்று துடைப்பார்கள். மேசையில் சிந்திய காபி காய்ந்தால் நடு வெளுத்து ஓரம் கருப்பதும் இதுதான். 1997இல் சிகாகோவில் ராபர்ட் டீகன், சிட்னி நேகல் குழுவினர் இதன் காரணத்தை 'நேச்சர்' இதழில் விளக்கினார்கள்: துளியின் விளிம்பு பரப்பில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது, அங்கே நீர் வேகமாக ஆவியாகிறது, அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடும்போது துகளையும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சிமென்ட் தளத்தில் தேங்கிய மழைநீர் காய்ந்த கறையும் இதே வழியில் வந்ததுதான். பிளாட்பாரத்தில் அந்தக் கோட்டை விட்டுவிட வேண்டும், செங்குத்துச் சுவரில் துடைத்துவிட வேண்டும்.

பந்தலுக்கு உரிய ஒரு கறை இருக்கிறது. அடிச்சாம்பல் நோய்க்குத் திராட்சை விவசாயிகள் போர்டோ கலவை அடிப்பார்கள்: ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். கலவை பதமா என்று இரும்புக் கத்தியை முக்கிப் பார்ப்பார்கள். கத்தியில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். தெளிப்பான் இலையை மட்டும் நனைப்பதில்லை. கல்தூணின் மேல்பாதியில் நீலம் தோய்ந்த வெள்ளைத் திட்டு படிந்து, மழையில் கீழே இழுபடும். தூணின் அடியிலோ செம்மண் தெறித்த பட்டை. நடுவில் கல்லின் சொந்த நிறம் கொஞ்சம். 23 மில்லிமீட்டர் தூணில் மூன்று நிறம், மூன்றுக்கும் மூன்று காரணம். மேலிருந்து வருவதற்கு வெள்ளையில் நீலப்பச்சை ஒரு துளி கலந்து தூரிகையை அநேகமாக உலரவிட்டுத் தடவ வேண்டும். கீழிருந்து வருவதற்கு முன் சொன்னதுபோல் தூரிகையைச் சுண்ட வேண்டும்.

தொடங்க விரும்புபவர் முழுப் பள்ளத்தாக்கையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த ஆண்டு என்பதை மட்டும் முதலில் முடிவு செய்துகொள்ளட்டும். 2010 என்றால் ஜல்லியில் பிரேக் தூள் ஏறியிருக்கும், தண்டவாளத்தின் மேல்முகம் மின்னும். 2012 என்றால் அதே மேல்முகம் துருவேறியிருக்கும், இல்லையென்றால் தண்டவாளமே இருக்காது. பிறகு ஒரு பந்தல் வரிசை, ஒரு தகரக் கொட்டகை, அரையடிப் பாதை. பலகை ஒன்றரை அடிக்கு ஓரடி இருந்தால் இவ்வளவும் அடங்கும்.